"மாத்திரை போட்டியா?"

அனைவருக்கும் வணக்கம்.

பைபோலார் என்பது மனம் சில காலம் அளவுமீறி ஏறியும், சில காலம் சோர்ந்து இறங்கியும் போகும் நோய். அது உள்ளவர் வீட்டில் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உடனே யாராவது கேட்டுவிடுவார்கள்: "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" அவரைக் கலந்து பேசாமலே அவரைப் பற்றி வீட்டார் ஒரு முடிவெடுத்திருப்பார்கள், அவர் கோபத்தில் முழு நியாயமும் இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி விழுந்த பிறகு அவர் என்ன சொன்னாலும் அது நோயின் பேச்சாகிவிடுகிறது. குடும்பங்கள் செய்யும் காயங்களில் பெரியது இதுதான் என்பேன். அன்பினால் கேட்பதுதான், ஆனாலும் காயம் காயம்தான்.

அப்படியானால் கவனிக்கவே வேண்டாமா? வேண்டும். எதைக் கவனிப்பது என்பதுதான் விஷயம். சிரிப்பையும் கோபத்தையும் விட்டுவிடுங்கள். தூக்கத்தைப் பாருங்கள்.

என் அக்காவுக்கு இந்த நோய் உண்டு. அவள் மனம் ஏறத் தொடங்கும்போது முதலில் போவது தூக்கம். நள்ளிரவு தாண்டி அலமாரியைக் காலி செய்து, துணிகளைத் தரையில் நிறம் நிறமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பாள். மூன்று மணி நேரம் தூங்கியிருப்பாள். காலையில் களைப்பே இருக்காது. தூக்கம் கெட்டவனுக்கு மறுநாள் அலுப்பு வரும். அலுப்பு வராததுதான் அடையாளம். அதன் பின்தான் ஓயாத பேச்சும், தண்ணீராய்ப் போகும் பணமும், "எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பிரச்சினை" என்ற வாதமும் வரும்.

இந்த ஏற்றத்தை வீட்டார் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பலர் முதலில் மருத்துவரிடம் போவது மனம் இறங்கிக் கிடக்கும் காலத்தில். முன்பு நடந்ததை வெட்கப்பட்டுச் சொல்லாவிட்டால், அது வெறும் மனச்சோர்வு என்றே கணிக்கப்படலாம். மனச்சோர்வுக்கான மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அதுவே ஏற்றத்தைத் தூண்டிவிடும்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இந்த ஏற்றத்துக்கு லித்தியம் என்ற மருந்து தரும் பலனை எழுதினார். இன்றும் அது முதன்மையான மருந்துகளில் ஒன்று. தற்கொலை அபாயத்தையும் குறைக்கிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவையும், தைராய்டு, சிறுநீரகத்தையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கடும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும் கேட்காமல் போடக் கூடாது. லித்தியத்தின் அளவு ஏறிவிடும். "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்துவது வேண்டவே வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, நன்றாக இருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய வேலை. அக்கா தெளிவாக இருந்த ஒரு மாலையில் அவளே சொல்லச் சொல்ல எழுதினோம். இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் குறைந்தால் மருத்துவருக்கு யார் போன் செய்வது, வங்கி அட்டை யாரிடம் போவது, மருத்துவமனை என்றால் உடன் யார் வருவது. மாத்திரையைப் பற்றி நான் மட்டும் கேட்கலாம், அம்மா கேட்கக் கூடாது என்றாள். அம்மாவுக்கு அன்று முகம் வாடிவிட்டது. ஆனால் அதன் பிறகுதான் அவர்கள் இருவரும் வேறு விஷயங்களைப் பேசத் தொடங்கினார்கள். ஏற்றத்தின் நடுவில் இந்தத் தாளை எடுத்துக் காட்டும்போது, நாங்கள் எங்கள் விருப்பத்தை அவள்மேல் திணிக்கவில்லை. அவள் சொன்னதைத்தான் நிறைவேற்றுகிறோம். அப்போதும் சண்டை வரும், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு மாதிரியான சண்டை.

மனம் இறங்கும் காலத்தில் "வாழவே பிடிக்கல" என்றால் பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவ உதவி வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். யாரும் விளக்காவிட்டால், தாங்கள் செய்த குறும்பால்தான் அம்மா படுத்துக் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். வளர்ந்த பிள்ளை ஒருநாள் கேட்கும்: "எனக்கும் வருமா?" உண்மையையே சொல்லுங்கள். மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்தான். ஆனாலும் பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை.