நிற்கத் தெரிந்தால் போதும்

வணக்கம் நேயர்களே. ஐரோப்பாவில் ஒரு உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்ப்பது எப்படி இருக்கும், அதைப் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு நிமிடம். எனக்கு மைதான வாசல் வரை போய்ச் சேரவே அது காணாது, பார்ப்போம்.

நான் பேசப்போவது டோர்ட்முண்ட் மைதானம் பற்றி. ஜேர்மனியில் ரூர் பகுதி, ஒரு காலத்தில் நிலக்கரி, இரும்பு, பியர், இந்த மூன்றும்தான் அந்த ஊர். மைதானம் 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. இன்றைக்கு 81,365 பேர் கொள்ளும். அதில் தெற்குப் பக்கம் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர், அத்தனை பேரும் நின்றுகொண்டு! அணியின் நிறம் மஞ்சள், மஞ்சள் சுவர் என்று சொல்வது அதைத்தான். நின்று பார்க்கும் பகுதிகளில் ஐரோப்பாவிலேயே பெரியது.

நான் முதல் தடவை போனது ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, ஆட்டம் மூன்றரைக்கு. கூட வேலை செய்த ஒரு ஜேர்மன்காரருக்குக் காய்ச்சல், பருவம் முழுக்க ஆட்டம் பார்க்க வாங்கி வைத்திருந்த தன் சீட்டை என் கையில் தந்து போய்ப் பார் என்றார். நானும் படி ஏறிப் போய் என்ன செய்தேன் தெரியுமா, இருக்கை எண்ணைத் தேடினேன். ஒவ்வொரு படியாகக் குனிந்து குனிந்து பார்க்கிறேன், எண் ஒன்றும் இல்லை, இருக்கையும் இல்லை, வெறும் கொங்கிறீற் படியும் இடையிடையே இரும்புக் கம்பியும்தான். ஜீன்ஸ் மேலங்கி முழுக்கப் பழைய துணிச் சின்னங்கள் தைத்துப் போட்டிருந்த ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறாய் என்று கேட்டார். இருக்கை என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் முன்படியில் நின்றவனும் திரும்பிப் பார்த்தான். பிறகு நாடியால் தன் பக்கத்தைக் காட்டி, இங்கே நில், இந்தக் கம்பியை விடாதே என்றார்.

நான் விட்டுவிட்டேன். இருபதாவது நிமிடமோ என்னவோ, கோல். கோல் விழுந்ததையே நான் காணவில்லை. மேலே இருந்து பியர் மழை, பின்னால் ஒரு தள்ளு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மூன்று படி கீழே நிற்கிறேன், கழுத்தில் யாருடையதோ ஒரு மஞ்சள் சால்வை! பெரியவர் என் ஜாக்கெட் கொலரைப் பிடித்துத் தூக்கி, கம்பி, கம்பி என்றார். அப்புறம் ஒலிபெருக்கியில் கோல் போட்டவரின் முதற்பெயரை மட்டும் அறிவிப்பாளர் சொன்னார், மிச்சப் பெயரை மைதானம் முழுக்கச் சொன்னது. அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை நேயர்களே, நெஞ்செலும்பில் கேட்டது.

எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், நிற்பதுதான் விஷயம். இருந்து பார்க்கிறவன் ஆட்டத்தைப் பார்க்கிறான், நிற்கிறவன் ஆட்டத்துக்குள் நிற்கிறான். எங்கள் ஆட்களுக்கு இது புதிதா? டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில்தானே ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில், அங்கே தேருக்குப் போய் யாராவது நாற்காலி கேட்கிறோமா?

நிற்பது ஆபத்து என்பார்கள். அதுவும் விளையாட்டான பேச்சு இல்லை. இங்கிலாந்தில் 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்டம் நெரிந்து 97 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அங்கே மேல்மட்டப் பிரிவுகளில் நின்று பார்ப்பதையே நிறுத்தினார்கள், 2022இல்தான் மறுபடி மெல்ல விட்டார்கள். ஆனால் ஹில்ஸ்பரோவில் சனத்தைக் கொன்றது நின்றது இல்லை. ஏற்கெனவே நிரம்பி வழிந்த பகுதிக்குள் இன்னும் ஆட்களைத் திறந்துவிட்டதும், முன்னால் வேலி அடைத்து வைத்திருந்ததும்தான். டோர்ட்முண்டில் படிக்குப் படி கம்பி இருக்கிறது, எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் என்ற கணக்கு இருக்கிறது. நான் விழுந்தது என் பிழை, கம்பியை விட்டேன்.

இன்னொன்று, நிற்கும் சீட்டு மலிவு. நின்றால் அதே இடத்தில் அதிகம் பேர் கொள்வார்கள், அதனால் விலை இறங்கும், பள்ளிக்கூடப் பெடியனும் வரலாம். இதை அந்த ரசிகர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. 2016 பெப்ரவரியில் ஸ்ருட்கார்ட்டில் ஒரு கோப்பை ஆட்டம், சீட்டு விலை கூடிப்போனது என்று டோர்ட்முண்ட் ரசிகர்கள் தொடக்கத்தில் உள்ளேயே போகவில்லை, போன பிறகு டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசினார்கள். வீரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பந்து பொறுக்கினார்கள்.

கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். எதிரணி ரசிகர்கள் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சரி, ஒன்று மட்டும். 2017 ஏப்ரல் 11, டோர்ட்முண்ட் வீரர்கள் வந்த பேருந்துக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது, மொனாக்கோவுடனான ஆட்டம் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. மொனாக்கோவில் இருந்து வந்த சனத்துக்கு அன்றிரவு தங்க இடமில்லை. டோர்ட்முண்ட்காரர்கள் இணையத்தில் கூப்பிட்டு, தங்கள் வீடுகளில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள்.

போகிறவர்கள் பெரிய பையைக் கொண்டுபோகாதீர்கள், வாசலில் விடமாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.