அப்பா, மேலே பாருங்க!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'குழந்தைகளோடு குடும்பமாகப் போய்வரத் தகுந்த இடம் எது? கேளிக்கைப் பூங்காக்களா, இயற்கையும் வரலாறும் உள்ள இடங்களா?' என்பது தலைப்பு. நான் இரண்டாவது அணி. நேரம் கொஞ்சம்தான், மற்ற மரியாதைகளை மனதுக்குள் செலுத்திவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார், அரங்கமே அதிர்ந்தது. "எட்டு பீரியட் உட்கார்ந்து களைத்த பிள்ளையை விடுமுறையிலும் குகை, கோட்டை, அருங்காட்சியகம் என்று இழுத்துக்கொண்டு போனால் அது சுற்றுலா இல்லை, ஒன்பதாவது பீரியட்!" என்றார். நீங்கள் தட்டிய கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். இன்றைக்கு எனக்கு இந்த ஒன்பதாவது பீரியட் ஒன்றே போதும்.

அண்ணே, வாங்க. உங்களை ஒரு குகைக்கே கூட்டிப்போகிறேன்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே அல்தமிரா என்று ஒரு குகை. 1868 இல் ஒரு வேட்டைக்காரரின் நாய் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது, நாயை மீட்கப் போனவர் கண்ணில்தான் அந்தக் குகை பட்டது என்பார்கள். அந்தப் பக்கத்து நிலக்கிழார் மார்செலினோ சான்ஸ் தே சவுத்துவோலா. படித்தவர், பழம்பொருள் ஆர்வம் மிக்கவர். ஒரு தடவை அந்தக் குகைக்குள் போய்ப் பார்த்தார். சுவரில் ஏதோ கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் திரும்பிவிட்டார். 1878 இல் பாரிஸ் கண்காட்சியில் கற்கால மனிதர்களின் கருவிகளைப் பார்த்த பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊர்க் குகையிலும் இப்படி ஏதாவது கிடைக்குமே என்று 1879 இல் மறுபடி கிளம்பினார். இந்தத் தடவை கூடவே மகளையும் கூட்டிக்கொண்டார். மரியா. ஏழெட்டு வயதுப் பிள்ளை.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். அப்பா என்ன செய்கிறார்? தரையைத் தோண்டுகிறார். எலும்பு கிடைக்குமா, கல் கருவி கிடைக்குமா என்று மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார். பிள்ளை எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்? விளக்கு வெளிச்சத்தில் அங்கே இங்கே சுற்றுகிறது. பக்கத்து அறைக்குள் போகிறது. அண்ணாந்து பார்க்கிறது.

"அப்பா, மேலே பாருங்க! மாடுகள்!"

அப்பா ஓடி வந்து பார்த்தார். மேற்கூரை முழுவதும் காட்டெருமைகள்! சிவப்பும் கறுப்புமாக, நின்றபடி, படுத்தபடி, உடலை வளைத்தபடி. பாறை எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே மாட்டின் திமிலையும் வயிற்றையும் பொருத்தி வரைந்திருக்கிறான் அந்த ஆதி ஓவியன். 14,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். கற்கால மனிதன் இப்படி வரைவான் என்பதே அன்றைக்கு உலகத்துக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தது பேராசிரியர் இல்லை, அறிஞர் குழு இல்லை. அப்பாவோடு வந்த பிள்ளை.

பின்வரிசையில் சரியாகக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். ஒரே குகை. ஒரே விளக்கு. அப்பாவும் வந்திருக்கிறார், மகளும் வந்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாதது மகளுக்கு எப்படித் தெரிந்தது? அன்றைக்கு அந்த அறையின் கூரை மிகவும் தாழ்வு. பெரியவர்கள் குனிந்துதான் போக வேண்டும். குனிந்தவர் கண்ணுக்குத் தரைதான் தெரியும். பிள்ளை குள்ளம். நிமிர்ந்து நடந்தது, மேலே பார்த்தது.

இப்போது எதிரணி நண்பர்களின் கேளிக்கைப் பூங்காவுக்கு வருகிறேன். வாசலில் அண்ணன் நம்மைச் சிரித்த முகத்தோடு வரவேற்கிறார். உள்ளே போகிறோம். பெரிய ராட்சத ராட்டினம். அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது? ஓர் அளவுகோல். பிள்ளையை நிறுத்தி அளக்கிறார்கள். கோட்டுக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் "தம்பி, நீ ஏறக்கூடாது" என்று சொல்லிவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது, சரிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்புறம் என்ன நடக்கிறது? அக்கா உயரம், அக்கா ஏறுகிறாள். தம்பி குள்ளம், தம்பி அழுகிறான். அப்பா அக்காவோடு போகிறார், அம்மா தம்பியோடு நிற்கிறார். ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒன்றாக இருக்கத்தானே கிளம்பினோம்?

உயரம் போதாது என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புவது நீங்கள் சொல்லும் இடம். உயரம் குறைவு என்பதாலேயே பிள்ளை உலகத்துக்கு ஒரு பொக்கிஷத்தை எடுத்துக் கொடுத்தது நாங்கள் சொல்லும் இடம். இதில் எது குழந்தைகளுக்கான இடம், நடுவர் அவர்களே?

அண்ணன் டிஸ்னிலேண்டையும் இழுத்தார். "குழந்தைகளை நன்றாகப் புரிந்துகொண்டவர் கட்டிய இடம்" என்றார். ஒப்புக்கொள்கிறேன். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் அது திறக்கப்பட்டது. அந்த எண்ணம் அவருக்கு எங்கே வந்தது தெரியுமா? வால்ட் டிஸ்னியே சொன்ன கதை இது. தன் பெண்களை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பிள்ளைகள் சுற்றுகிறார்கள், அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாம். எவ்வளவு நல்ல மனசு! அவர் தேடியது சேர்ந்து இருக்கும் இடத்தை. அதே அளவுகோலைத்தான் நானும் கையில் எடுக்கிறேன். இன்றைக்கு எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பெஞ்சு நிறைய அப்பாக்கள். மடி நிறையப் பைகள். கையில் கைபேசி.

அல்தமிராவில் அப்பாவும் பெஞ்சில் இல்லை, மகளும் வரிசையில் இல்லை. இரண்டு பேரும் ஒரே இருட்டுக்குள் எதையோ தேடினார்கள்.

'ஒன்பதாவது பீரியட்' என்றீர்களே அண்ணே, பீரியடில் கேள்வி கேட்பது யார்? ஆசிரியர். பதில் தெரிந்தவரும் அவர். ஒரு குகையிலோ கடற்கரைப் பாறையிலோ பிள்ளை கேட்கிற கேள்விக்கு அப்பாவுக்கும் பதில் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எல்லாரும் சேர்ந்து முழிக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இது நடக்கிறது?

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சிற்றூர். மேரி ஆனிங் என்ற ஏழைப் பெண் அங்கேதான் அலை அரித்த பாறைகளில் அப்பாவோடும் அண்ணனோடும் புதைபடிவம் தேடினாள். 1811 இல் அண்ணன் ஒரு விநோத விலங்கின் மண்டையோட்டைக் கண்டான். அடுத்த ஆண்டு மீதி எலும்புக்கூட்டை அவள் கண்டுபிடித்தாள். பன்னிரண்டு பதிமூன்று வயது. கடலில் வாழ்ந்த இக்தியோசர் அது. இன்றைக்கும் அந்தக் கரையில் குடும்பம் குடும்பமாகக் குனிந்து தேடுகிறார்கள், அலை ஒதுக்கிய சுருள் சுருளான படிவங்களைப் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். எந்தப் பிள்ளையாவது மணி எப்போது அடிக்கும் என்று கேட்குமா?

ஜெய்ப்பூரின் பழைய வானாய்வுக் கூடமான ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயரத்துக்கு ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது, சாம்ராட் யந்திரம். அதன் நிழல் நிமிடத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் நகர்கிறது. நிழலின் ஓரத்தில் பிள்ளையை விரல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் விரலைத் தாண்டிப் போவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். பூமி சுற்றுகிறது என்று புத்தகத்தில் பத்துத் தடவை படித்த பிள்ளை, அது நகர்வதை அன்றைக்குத்தான் பார்க்கிறது. உட்கார வைத்து விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை.

"அருங்காட்சியகம் என்றாலே தொடாதே, ஓடாதே, பேசாதே" என்று எதிரணி அக்கா சொன்னார். அதற்கும் பதில் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1969 இல் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடத்தைத் திறந்தார். தொட வேண்டும், திருப்ப வேண்டும், ஊதிப் பார்க்க வேண்டும், அதற்காகவே வைத்த பொருள்கள். தொடவிடாத இடம் பிள்ளைக்குச் சலிக்கிறதா? தொடவிடுகிற இடமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள்.

அக்கா சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பிள்ளையைச் சலிக்க வைப்பது பெரும்பாலும் நம் பேராசைதான். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் சுமார் 35,000 படைப்புகள் காட்சியில் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்தால் தூங்காமல் சாப்பிடாமல் 24 நாள் வேண்டும்! அதை ஒரே மத்தியானத்தில் பார்த்துவிட நினைத்தால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? மூன்று பொருள் பாருங்கள், வெளியே வாருங்கள், புல்வெளியில் ஓடவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். முதலில் எங்கே என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். கழிப்பறையும் நிழலும் ஓட இடமும் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான். இதைச் செய்யாமல் குகையைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

கடைசியாக ஒன்று சொன்னார்கள். "மூன்று வயதில் பார்த்தது பிள்ளைக்கு நினைவிருக்குமா? எதற்கு இந்த அலைச்சல்?" என்றார்கள். நினைவிருக்காது. நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்தைய நினைவு ஏதும் இல்லை. ராட்டினமும் நினைவிருக்காது, அது வேறு விஷயம். ஆனால் அந்த நாளை நினைவில் வைத்திருக்கிறவர் ஒருவர் வீட்டில் இருக்கிறாரே, அம்மா! "நீ முதன்முதலில் கடலைப் பார்த்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்" என்று இருபது வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பாரே. அந்த நாள் அவருக்கும் சொந்தம் இல்லையா?

என் அப்பா அதிகம் படித்தவர் இல்லை. ஒரு மலையில், மின்சாரம் இல்லாத ஓர் இரவில், எங்களைப் பாறைமேல் படுக்க வைத்து வானத்தைக் காட்டினார். ஒரு நட்சத்திரத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. "எவ்வளவு இருக்கு பாரு!" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் அப்படி ஓர் ஆச்சரியத்தை வீட்டில் நான் கேட்டதே இல்லை. அப்பாவும் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சவுத்துவோலாவின் கதையில் நான் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. 1880 இல் அவர் அந்த ஓவியங்களைப் பற்றி எழுதி வெளியிட்டார். அறிஞர்கள் நம்பவில்லை. கற்கால மனிதனாவது இப்படி வரைவதாவது என்றார்கள். யாரோ ஓர் ஓவியரை வைத்து வரையச் செய்துவிட்டார் என்றுகூடப் பழி வந்தது. 1888 இல் அந்தப் பழியோடேயே இறந்துபோனார். அவரை மறுத்தவர்களில் முன்னால் நின்ற பிரெஞ்சு அறிஞர் எமில் கார்த்தையாக், 1902 இல் தான் நம்பாதது பிழை என்று வெளிப்படையாக எழுதினார். அப்பா அதைப் பார்க்க இல்லை. மகள் இருந்தாள். முப்பதைத் தாண்டிய வயது. 1946 வரை வாழ்ந்தாள்.

உலகமே பொய்யர் என்று சொன்ன ஒரு மனிதரை, பொய்யர் இல்லை என்று முழுதாக அறிந்த ஓர் ஆள் இருந்தாள். ஏனென்றால் அன்றைக்கு அவள் கூட இருந்தாள். அவரோடு அந்த இருட்டுக்குள் நின்றவள், முதலில் பார்த்தவள், கூவியவள் அவள். அந்த அப்பாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருந்திருக்க முடியும்? மகளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போயிருந்தால்?

அம்மாக்களே, அப்பாக்களே, பிள்ளைகள் நம் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வருஷங்கள் கொஞ்சம்தான். அதற்கப்புறம் நண்பர்களோடு போவார்கள், ராட்டினத்துக்கும் அவர்களோடு போவார்கள், போகட்டும். அங்கே நாம் தேவைப்பட மாட்டோம். பயந்து ஒட்டிக்கொள்ள ஒரு குகையும், கால் நனைத்து ஓடிவர ஓர் அலையும், தோளில் ஏறிப் பார்க்க ஒரு கோட்டைச் சுவரும் இருக்கிற இடத்துக்கு இப்போதே கூட்டிப்போங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, நீங்களும் ஒரு பிள்ளையைக் கைபிடித்து நடத்தியவர்தான். அந்த உரிமையில் கேட்கிறேன், தீர்ப்பு எங்கள் அணிக்கே வேண்டும். வணக்கம்.