ஊறவைத்த நாலு பாதாம் என்னதான் தரும்?

(திரையில்: பாளையங்கோட்டைப் பள்ளி மைதானம். அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் ஓர் அகன்ற இலை மரம்.)

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் படித்தவர்களுக்கு இந்த மரத்தைத் தெரியாமல் இருக்காது. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கல்லால் தட்டினால், உள்ளே சின்னதாக ஒரு பருப்பு இருக்கும். பாதாம் மரம் என்றே எல்லோரும் சொல்வோம். ஆனால் கடையில் விலை கொடுத்து வாங்குகிற பாதாமுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது நாட்டு வாதுமை. தாமிரபரணிக் கரையில் நிற்கிற மருதமும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற கடுக்காயும் தான்றிக்காயும்தான் இதற்குப் பங்காளிகள்.

கடைப் பாதாம் பீச், பிளம் பழங்களின் குடும்பம். நல்ல குளிர்காலம் இல்லாவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. மாஞ்சோலை மலைக் குளிர்கூட அதற்குப் பத்தாது. உலகத்துப் பாதாமில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவில் விளைகிறது. அவ்வளவு தூரம் கடந்து வருகிற பொருள், அதற்கேற்ற விலை. அந்த விலைக்கு உடம்புக்கு என்ன கிடைக்கிறது?

(திரையில்: ஒரு தராசு. அதில் ஒரு கைப்பிடி பாதாம்.)

28 கிராம் எடுத்துக்கொள்வோம். எண்ணினால் 23 பருப்பு வரும். இதில் புரதம் 6 கிராம், நார்ச்சத்து 3.5 கிராம், கொழுப்பு 14 கிராம். கொழுப்பு என்றதும் பயப்பட வேண்டாம். பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 1 கிராம்தான். பாதாமின் தனிச்சிறப்பு வைட்டமின் ஈ. இந்த ஒரு கைப்பிடியிலேயே 7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் ஏறக்குறைய பாதி. மக்னீசியமும் தாராளமாக உண்டு.

இப்போது நம் வீட்டுப் பழக்கத்துக்கு வருவோம். ராத்திரி நாலு பாதாமை ஊறப் போட்டு, காலையில் தோலை உரித்துப் பிள்ளை கையில் கொடுத்து, "நல்லா படிப்பு ஏறும், தின்னு" என்பார்கள் ஆச்சி. நாலு பாதாம் என்பது 5 கிராம்கூட வராது. புரதம் 1 கிராம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நாலு பாதாமால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைக்குச் சத்துக் கொடுத்தாயிற்று என்று அதோடு நிறுத்திவிட்டால் தப்பு. ஞாபகசக்தி கூடும் என்பதற்கும் வலுவான ஆதாரம் கிடையாது.

ஊறவைப்பது அவசியமா? பல் ஆடுகிற தாத்தாவுக்கு மெல்லச் சுலபம். அது போதுமான காரணம். மற்றபடி ஊறியதால் சத்து பெருகிவிடாது. தோலை உரித்து எறிவதுதான் எனக்குப் பொறுக்காது. பாலிஃபீனால்கள் என்கிற தாவரப் பொருள்கள் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. நார்ச்சத்திலும் கொஞ்சம் அதோடு போய்விடும்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். 28 கிராம் பாதாமில் 160 கலோரிக்கு மேல் என்று கணக்குச் சொல்வார்கள். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் மனிதர்களை வைத்து அளந்தபோது, உடம்பு எடுத்துக்கொண்டது சுமார் 129 கலோரிதான். பருப்பின் செல் சுவர்களுக்குள் கொழுப்பு பூட்டிக் கிடக்கிறது. நாம் மென்று உடைக்காத செல்களின் கொழுப்பு அப்படியே வெளியேறிவிடுகிறது. முழுப் பருப்புக்குத்தான் இந்தக் கணக்கு. அரைத்து விழுதாக்கினால் பூட்டு திறந்துவிடும்.

(திரையில்: மாலை நேரம், தள்ளுவண்டியில் ஆவி பறக்கும் மஞ்சள் நிறப் பாதாம் பால்.)

இதையும் பாதாம் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடிப்பது பாலும் சீனியும்தான். பாதாம் மேலே தூவியிருக்கிறது. பாதாம் பவுடர் வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அங்கே சீனிதான் இருக்கும். பாதாம் அல்வா பற்றித் திருநெல்வேலியில் உட்கார்ந்து பேசி வம்பை வாங்க வேண்டாம். அது பண்டிகைக்கு.

அப்புறம் இதயம். பாதாமைத் தொடர்ந்து சாப்பிட்டால் கெட்ட கொலஸ்டிரால் ஓரளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து அளவுக்கு இல்லை, ஓரளவு. 2003-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சில கொட்டைகளைப் பட்டியலிட்டு, தினம் 42 கிராம் அளவில் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம், ஆனால் இது நிரூபணம் ஆகவில்லை என்ற குறிப்போடு விளம்பரம் செய்ய இடம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் பாதாம் இருக்கிறது. முந்திரி இல்லை. நிலக்கடலை இருக்கிறது!

நிலக்கடலையை 100 கிராமுக்கு 100 கிராம் வைத்துப் பார்த்தால், புரதம் பாதாமில் 21 கிராம், கடலையில் 25. ஃபோலேட் என்கிற பி வைட்டமின் கடலையில் பல மடங்கு அதிகம். வைட்டமின் ஈ, கால்சியம், நார்ச்சத்து மூன்றிலும் பாதாம் முந்துகிறது. விலையில் கடலைக்குப் பக்கத்தில் பாதாம் நிற்க முடியாது. மாதக் கடைசியில் பாதாம் டப்பா காலியானால் கவலையே வேண்டாம், அவித்த கடலை போதும். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் வெல்லம் இருக்கிறதுதான். ஆனாலும் கடலையைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. பூஞ்சை பிடித்த கடலையை மட்டும் கழித்துக் கட்டுங்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாயங்காலம் டீயோடு வடை, மிக்சருக்குப் பதிலாக ஒரு கைப்பிடி பாதாம் சாப்பிடலாம். பதிலாக என்பதுதான் முக்கியம். வடையும் தின்றுவிட்டு மேலே பாதாமும் போட்டால் எடைதான் ஏறும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் என்கிற பொருள் பாதாமில் அதிகம். நம் ஊர் வெயிலில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் கல்லுக்குத் தோதாகிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுப் பருப்பைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், பொடித்துக் கொடுங்கள். கசக்கிற பருப்பு வாயில் பட்டால் துப்பிவிடுங்கள், கசப்புப் பாதாமிலிருந்து சயனைடு உண்டாகும்.

(திரையில்: காற்றுப் புகாத டப்பா, குளிர்சாதனப் பெட்டிக்குள்.)

மொத்தமாக வாங்கினால் அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். சித்திரை வெக்கையில் எண்ணெய்ப் பருப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வாடை வந்தால் வறுத்துச் சரிக்கட்டப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.