ஏரியில் கரைந்த பெட்ரோல் எங்கே போகிறது?

(மாதவரத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, கொளத்தூரிலிருந்து இந்த மழையிலும் வந்திருக்கும் வேதியியல் ஆசிரியர் அவர்களே, கவுன்சிலர் அம்மா அவர்களே, என்னை ரொம்பவே உயர்த்திப் பேசிய வியாபாரிகள் சங்கச் செயலாளர் அவர்களே, தேநீர் கொடுத்த தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். போர்த்திய பொன்னாடையை ஏரிக்கரையில் காவலிருக்கும் பெரியவருக்குக் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்று விஷயம் பேச வந்தேன். பெட்ரோலில் கலக்கும் பொருள் நீரிலிருந்து ஆவியாவது, எத்தனால் கலந்த பெட்ரோல், நம் மழைநீர்க் கால்வாய்கள்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்பார்கள். பெட்ரோலில் ஈயம் வேண்டாமென்று 2000-ல் நம் நாடு விட்டது, நல்லது. ஈயத்துக்குப் பதிலாக உலகம் பிடித்துக்கொண்ட பொருள்களில் ஒன்று எம்டிபிஇ, பெட்ரோல் இன்ஜினில் சீராக எரியக் கலக்கும் ஒரு திரவம். இது ஒரு லிட்டர் நீரில் 40 கிராமுக்கு மேல் கரையும். பெட்ரோலில் இருக்கும் இன்னொரு பொருளான பென்சீன் 2 கிராம்கூடக் கரையாது. கரைந்துவிட்ட எம்டிபிஇ எண்ணெய்ப் படலம் போல மேலே மிதந்து தன்னைக் காட்டிக்கொடுக்காது.

சின்ன வயதில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் அத்தை வீடு. ஒரு நாள் காலையில் கைப்பம்பை அடித்தால் பெட்ரோல் வாடை. "யாரும் தீக்குச்சி கிழிக்காதீங்க"ன்னு தெருவே கத்தியது. பூமிக்குள் எங்கேயோ ஒரு குழாய் கசிந்திருக்கிறது. அத்தைக்குத் தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை, துணி துவைக்கலாமே என்று கொஞ்சத்தை அகலமான அண்டாவில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தார். மீதியைப் பித்தளைக் குடத்தில் ஊற்றித் தட்டைக் கவிழ்த்து மூடினார். கடற்காற்று அடித்த நாள். சாயங்காலம் அண்டாவில் வாடை நன்றாகக் குறைந்திருந்தது. குடத்தின் தட்டைத் தூக்கினதும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரே தண்ணிதானேடா, இது மட்டும் ஏன்?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது.

அந்த அண்டாதான் ஏரி. கரைந்த பொருள் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேற முடியும். காற்று அடித்து அலை எழுந்தால், வெயில் ஏறினால், ஆழம் குறைவாக இருந்தால் சீக்கிரம் போகும். எம்டிபிஇ தண்ணீரை விட மனசில்லாத பொருள். ஒரே அளவு காற்றும் நீரும் சேர்ந்திருந்தால், காற்றில் இருப்பது நீரில் இருப்பதில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். ஆனாலும் திறந்த ஏரியில் காற்று புதுசு புதுசாக வந்துகொண்டே இருக்கிறதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடும். கலிஃபோர்னியாவின் டோனர் ஏரியில் 1990-களில் அளந்தார்கள். கோடையில் மோட்டார் படகுகள் ஓடியபோது தண்ணீரில் எம்டிபிஇ அளவு ஏறியது. படகுகள் ஓய்ந்த பிறகு இறங்கியது. பெரும்பகுதி காற்றோடுதான் போனது.

மூடிய குடம் நிலத்தடி நீர். அங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அதே கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரத்தில் எம்டிபிஇ கலந்ததால் 1996-ல் குடிநீர்க் கிணறுகளையே மூட வேண்டி வந்தது. கலிஃபோர்னியா 2003 முடிவோடு இந்தப் பொருளைப் பெட்ரோலிலிருந்தே விலக்கியது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான் அதுவும்.

சரி, "ஏரி தானே சுத்தமாகிவிடுமே" என்று ஒருவர் போன கூட்டத்தில் சொன்னார். ஐயா, ஏரிக்கரையில் லாரி கழுவுகிறார்களே, அந்தத் தண்ணீர் ஏரிக்கு மட்டுமா போகிறது? கரை மண்ணில் இறங்குகிறது. மண்ணில் இறங்கினது அத்தையின் குடத்துக்குள் போன மாதிரி. போன வாரம் போய்ப் பார்த்தேன். கழுவும் இடத்துப் பள்ளத்தில் வானவில் நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பத்தடி தள்ளி ஒரு போர்வெல் குழாய்.

எத்தனால் பற்றியும் கால்வாய் பற்றியும் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். எனக்கு வேண்டியது இதுதான்: லாரி கழுவும் இடங்களைக் கரையிலிருந்து அகற்றி, எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள வேறு இடம் கொடுக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் பிழைப்பும் போகக்கூடாது, அதையும் மனுவில் எழுதியிருக்கிறேன். கவுன்சிலர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம்.