காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்: கிரீட் தீவின் கடற்கரைகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவான கிரீட்டுக்குக் கோடை விடுமுறையில் செல்ல எண்ணுபவர்கள் முதலில் கேட்பது, அங்கே மிக அழகான கடற்கரை எது என்பதைத்தான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிட்டால், விடுமுறையில் பாதி காருக்குள்ளேயே கழிந்துவிடும். எந்தக் கரையில் என்றைக்கு இறங்கலாம் என்று கேட்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கிரீட் கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. அதன் நடுவே 2,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலைகள் நிற்கின்றன. நல்ல நெடுஞ்சாலை வடக்குக் கரையை ஒட்டியே செல்கிறது. தெற்கே போக வேண்டுமானால் கொண்டை ஊசி வளைவுகளில் மலையை ஏறி இறங்க வேண்டும். மேற்குக் கோடியில் உள்ள எலாஃபோனிசியையும், பேரீச்சை இனத்து மரங்கள் தோப்பாக நிற்கும் கிழக்குக் கோடியின் வாயி கடற்கரையையும் ஒரே விடுதியில் தங்கிக்கொண்டு பார்த்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்பவர்கள், சாலையில் இறங்கிய பிறகே தொலைவை உணர்கிறார்கள். ஒரு வாரம் மட்டுமே கிடைக்குமானால், தீவின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு என்றால் ஹனியா நகரம் வசதியான தங்குமிடம்.

இனி, காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிரீட்டுக்கு வடக்கே உள்ள ஏஜியன் கடலில் கோடை முழுவதும், குறிப்பாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மெல்தேமி என்னும் வடக்குக் காற்று வீசுகிறது. பால்கன் பகுதியின் மேல் காற்றழுத்தம் உயர்ந்தும் துருக்கியின் பக்கம் தாழ்ந்தும் இருப்பதால் எழும் இந்தக் காற்று, தொடங்கினால் பல நாட்கள் ஓயாமல் வீசும். மேகம் திரளாது, மழை வராது, வானம் தெளிந்தே இருக்கும். அதனால்தான் விடுதியின் சன்னலிலிருந்து வானத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வடக்குக் கரைக்குக் கிளம்பியவர்கள், அங்கே அலை ஆளை உருட்டுவதையும் நீரோட்டம் உள்ளே இழுப்பதையும் கண்டு திகைக்கிறார்கள். அதே நாளில், மலைக்குத் தெற்கே லிபியக் கடல் பல இடங்களில் குளம்போல் கிடக்கும்.

ஆனாலும் தெற்கு எப்போதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. வடக்குக் காற்று மிகவும் வலுத்துவிட்டால், மலையிடுக்குகளின் வழியே பாய்ந்து தென்கரையில் திடீர் திடீரென்று மோதும். பிளாகியாஸ் போன்ற இடங்களில் அத்தகைய நாட்களில் மணல் பறந்து கால்களில் ஊசியாய்க் குத்தும், குடை நிற்காது. காற்று மிதமாக வீசினால் தெற்கே போங்கள். கடுமையாக வீசினால், மலையிடுக்கின் வாயில் அமையாமல் குன்றின் மறைவில் ஒதுங்கிய சிறு விரிகுடாவைத் தேடுங்கள். காற்று ஓய்ந்த நாளை வடக்குக்கும் வடமேற்குக்கும் ஒதுக்கி வையுங்கள். அங்கே வானிலை அறிக்கை காற்றின் வேகத்தை, 0 முதல் 12 வரை செல்லும் போஃபோர்ட் அளவுகோலின் எண்ணில் சொல்கிறது. அந்த எண் 6 ஆகிவிட்டால் வடகரையில் நீந்துவதை மறந்துவிடுவது நல்லது.

காற்று ஓய்ந்த நாளுக்கு உரியது வடமேற்கு முனையில் உள்ள பாலோஸ் என்னும் காயல். கிஸ்ஸாமோஸ் துறையிலிருந்து படகில் வரலாம். அல்லது கரடுமுரடான மண் சாலையில் காரில் வந்து, பிறகு நடந்து இறங்கலாம். படகுகள் வந்து சேர்ந்ததும் கரை நிறைந்துவிடுவதால், காலையிலேயே நடந்து இறங்குபவர்களுக்கே அந்தக் காயலின் அமைதி கிடைக்கும். அங்கே நிழல் அரிது. திரும்பும் வழி முழுவதும் ஏற்றம். முதியவர்களை அழைத்துச் செல்வதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள்.

எலாஃபோனிசி, இளஞ்சிவப்பு மணலுக்காகப் பெயர் பெற்றது. அந்த மணலைக் கையில் அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், பெரும்பகுதி வெண்மையாகவும், இடையிடையே குங்குமப் பொடி தூவியதுபோலச் செந்துகள்களாகவும் தெரியும். கடலில் வாழும் நுண்ணிய ஓட்டுயிர்களின் சிதைந்த ஓடுகள் அவை. நிறம் நீர்விளிம்பில்தான் திரண்டு நிற்கும். படங்களில் காண்பதுபோல் கரை முழுவதும் சிவந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மணலை எடுத்துச் செல்வதற்குத் தடை உண்டு. அதை மதிப்பது நம் கடமை. தண்ணீர் நெடுந்தூரம் முழங்காலளவே இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கரை அந்தப் பக்கத்தில் இல்லை என்றே சொல்வேன். ஆயினும் ஆகஸ்ட் மாத நண்பகல் நெரிசலில் அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்குப் பிடித்தது ஃபலசார்னா. மேற்கு நோக்கிய அகன்ற மணற்கரை அது. அதன் வடகோடியில் ஒரு பழந்துறைமுகம் இருக்கிறது. அதன் மதில்களும் கப்பல் நின்ற இடமும் இன்று காய்ந்த தரையில் கிடக்கின்றன. கி.பி. 365ஆம் ஆண்டில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் கிரீட்டின் மேற்குப் பகுதி மேலெழும்பியது; இந்த இடத்தில் நிலம் ஆறு மீட்டருக்கும் அதிகமாக உயர்ந்தது. மாலையில் குளித்துவிட்டு அந்தத் துறை வரை நடந்து செல்லுங்கள். எத்தனையோ கடற்கரைகளில் கிடைக்காத அனுபவம் அது.

வடகரை நகரமான ரெத்திம்னோவின் நீண்ட மணற்கரையில் தங்குபவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பெருந்தலைக் கடலாமைகள் கோடை இரவுகளில் அங்கே ஏறி முட்டையிடுகின்றன. கூட்டைக் காக்க வைத்திருக்கும் வேலிக்கு அருகே குடைக்கம்பு ஊன்றுவதும், இரவில் விளக்கோடு கரையில் நடப்பதும் அவற்றுக்குக் கேடு.

பருவத்தைப் பொறுத்தவரை, பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் செப்டம்பர் பிற்பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். கடல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வதால், மே மாதத்தைவிட அக்டோபர் தொடக்கத்தில் தண்ணீர் இதமாக இருக்கும், மெல்தேமியும் தணிந்திருக்கும். தென்மேற்கில் லூத்ரோ போன்ற, சாலையே இல்லாத ஊர்களுக்குச் செல்பவர்கள் படகு நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பருவம் முடியும்போது படகுகள் குறையும், காற்று வலுத்த நாளில் ஓடாமலும் போகும். நன்றி, வணக்கம்.