நின்ற நாள், வந்த நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து களத்துமேடுகளில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்த நாள்களில், ஒரு விடியற்காலையில் எங்கள் பெரிய சார் காலமானார். நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து தெற்கே போகும் கோரையாற்றின் கரையில், அரசு உதவி பெறும் சிறிய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராகச் சேர்ந்து, அங்கேயே தலைமையாசிரியராகி, 2008-இல் ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நெடுங்காலம் நிரப்பப்படாமலே கிடந்ததால், கபடிப் பயிற்சியாளரும் அவரேதான். அவரிடம் படித்து, அவரிடம் ஆடிப் பழகிய நான் இன்று ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். இந்த உரையில் அவருடைய பெயரைச் சொல்லாமல் பெரிய சார் என்றே சொல்கிறேன். ஊரில் அப்பனும் மகனும் பேரனும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய பலரும் அவர் காலத்தில் பள்ளிக்கு வந்த கோப்பைகளைப் பற்றிப் பேசினார்கள். அவை உண்மைதான், தலைமையாசிரியர் அறை அலமாரியில் இன்றும் இருக்கின்றன. ஆனால் பெரிய சாரை அறிந்துகொள்ள வேண்டுமானால், கோப்பைகளைவிடக் கபடியின் ஒரு விதியை அறிந்துகொள்வது உதவும் என்று நினைக்கிறேன். கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் அந்த இன்னிங்ஸில் மறுபடி மட்டையைத் தொட முடியாது. கபடியில் அப்படி இல்லை. பாடி வந்தவர் தொட்டுவிட்டுத் தப்பினால், தொடப்பட்டவர் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். ஆனால் அவருடைய அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றும்போது, வெளியே இருப்பவர் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருகிறார். அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. யார் முதலில் வெளியே போனாரோ, அவர்தான் முதலில் உள்ளே வர வேண்டும். எவ்வளவு திறமையான ஆட்டக்காரராக இருந்தாலும் வரிசையை முந்த முடியாது. காலை எப்படி ஊன்றுவது, கணுக்காலை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் சொல்லித் தருவதற்கு முன்பே, முதல் நாளில் இந்த விதியைத்தான் அவர் எங்களுக்குச் சொல்வார்.

அவருடைய சைக்கிள் கேரியரில் பழுப்பு அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். பெயர், தெரு, நின்ற நாள், காரணம், வந்த நாள் என்று அதில் ஐந்து கட்டங்கள். பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை நின்ற தேதி வரிசையில் எழுதிவைத்து, மாலைப் பயிற்சி முடிந்ததும் அந்த வரிசைப்படியே வீடு வீடாகப் போவார். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை நேற்று நின்றிருந்தாலும், மூன்று மாதத்துக்கு முன்பு நின்ற பிள்ளையின் வீட்டுக்குப் போன பிறகுதான் இந்த வீட்டுக்கு வருவார். நானும் ஆசிரியையாக இருப்பதால் சொல்கிறேன்: எளிதில் திரும்பி வரக்கூடிய பிள்ளையை, தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தக்கூடிய பிள்ளையை முதலில் தேடிப் போகவே யாருக்கும் மனம் இழுக்கும். அந்த இழுப்புக்கு அவர் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை.

அந்த நோட்டில் என் பெயரும் உண்டு. 1989-இல் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது நான் பெரியவளானேன். அதோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அம்மாவோடு நடவுக்கும் களைபறிப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீடு வாய்க்காலுக்குக் கிழக்கே, ஊர்த் தெருக்காரர்கள் யாரும் வந்து உட்காராத இடத்தில் இருந்தது. ஒரு மாலையில் பெரிய சாரும் அவருடைய மனைவியும் வந்தார்கள். சைக்கிளை வேலிக் கிளுவையில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சொம்பை இரண்டு முறை துலக்கி எடுத்துவரும் வரைக்கும் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நீங்க உட்காருங்க. நீங்க நின்னா நான் எப்படிப் பேசுறது?” என்றார் சார். தெருவில் மதிப்போடு இருந்த ஒருவர் என் அப்பாவை ‘நீங்க’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா திண்ணை ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தார். சார் அதிகம் பேசவில்லை. “புள்ள கணக்கு நல்லாப் போடுது. அறுபத்தெட்டு நாள் ஆயிடுச்சு. நாளைக்கு அனுப்பிடுங்க” என்றார். ஊர் என்ன சொல்லுமோ என்று அப்பா இழுத்தபோது, “எம் பொண்ணும் அங்கதான் படிக்குது. ரெண்டும் சேர்ந்து போய் வரட்டும்” என்று சாரின் மனைவி முடித்துவைத்தார். அன்று இரவு அப்பா யாரோடும் பேசவில்லை. விடிந்தபோது என் பாவாடை தாவணியை அம்மா துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

அந்த ஆண்டுதான் பெண் பிள்ளைகளுக்கும் கபடி அணி தொடங்கினார். தாவணியோடு ஆட முடியாது, அரைக்கால் சட்டை போட எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். முழுக்கால் சட்டையும் தளர்ந்த மேல்சட்டையும் சாரின் மனைவியே தம் தையல் இயந்திரத்தில் தைத்துக் கொடுத்தார். களம் அமைத்ததோ தனிக்கதை. எங்கள் பக்கத்து மண் களிமண்; நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், அதன்மேல் விழுந்தால் முழங்கால் தோல் கழன்றுவிடும். பெரிய சார் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டிப் புரட்டி, ஆற்று மணலும் நெல் உமியும் கலந்து, வேட்டியை மடித்துக் கட்டிக் குந்திக்கொண்டு சல்லடையில் சலிப்பார். கருவேல முள்ளோ கண்ணாடிச் சில்லோ சல்லடையில் தங்கினால் பொறுக்கி ஒரு கொட்டாங்கச்சியில் போட்டுக்கொள்வார். நாங்கள் செய்கிறோம் என்று சொன்னால் விடமாட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும், பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பாக, அந்த வேலை நடக்கும்.

கோடு போடுவதை மட்டும் எங்களிடம் விட்டார். பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது. மூலை சரியான செங்கோணமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தென்னங்கயிற்றில் மூன்று முழம், நான்கு முழம், ஐந்து முழம் என்று முடிச்சுப் போட்டு, முக்கோணமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார். அதன்பின் மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் 14 மீட்டர் 42 சென்டிமீட்டர் வந்தால்தான் சுண்ணாம்பு தூவ அனுமதி. பிதாகரஸ் தேற்றம் எனக்குக் கரும்பலகையில் புரியவில்லை, அந்தக் கயிற்றில் புரிந்தது. மூச்சுப் பயிற்சிக்கும் கணக்குதான். பாடிப் போகிறவர் ‘கபடி கபடி’ என்பதை ஒரே மூச்சில், இடையில் விடாமல் சொல்ல வேண்டும் அல்லவா? நாங்கள் களத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

அணியில் எங்கள் தெருப் பெண்களும் இருந்தார்கள், ஊர்த் தெருப் பெண்களும் இருந்தார்கள். பிடிக்கிற அணி கைகோத்துச் சங்கிலியாக நிற்க வேண்டும். முதல் நாள்களில் இரண்டு தெருக்காரர்களும் ஒருவர் விரல் நுனியை ஒருவர் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு நின்றோம். சார் அதைப் பார்த்தார். சாதியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அருகே வந்து, “விரலைப் பிடிச்சா நழுவும்மா. மணிக்கட்டைப் பிடிக்கணும். அவ ஒன்னையும் நீ அவளையும் சேர்த்துப் பிடிச்சாத்தான் அறாது” என்று சொல்லி, எங்கள் கைகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்துவிட்டார். இரண்டு வீடுகளில் எதிர்ப்பு வந்தது, ஒருத்தியை நிறுத்திக்கொண்டார்கள். அவள் பெயர் நோட்டில் ஏறியது. நான்கு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள்.

1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் கபடி முதன்முதலாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. காலாண்டு விடுமுறையிலும் எங்களுக்குப் பயிற்சி உண்டு. பெரிய சார் தம் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து புங்கமரத்துக் கிளையில் மாட்டிவைத்திருந்தார். கபடியில் இந்தியா தங்கம் வென்றது என்று செய்தியில் சொன்னபோது, நாங்கள் ஆற்றங்கரை வரை கேட்கும்படி கத்தினோம். அந்தப் போட்டிகள் முழுவதிலும் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது ஒன்றுதான். கூச்சல் அடங்கியதும், “பொம்பளைங்களுக்கு இல்லையா சார்?” என்று நான் கேட்டேன். அவர் டிரான்சிஸ்டரை அணைத்தார். “இல்லம்மா, இன்னும் சேர்க்கலை” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் சல்லடையை எடுத்துக்கொண்டு போனார்.

அப்போது நாகப்பட்டினமும் திருவாரூரும் தனி மாவட்டங்கள் ஆகவில்லை. எல்லாம் தஞ்சாவூர் மாவட்டந்தான். மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை போய்த் தோற்றோம். கடைசி நிமிடத்தில் சங்கிலியை விட்டு நான் தனியாகப் பாய்ந்ததே தோல்விக்குக் காரணம். பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். சார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றபோதுதான் பேசினார்: “பாய்ஞ்சது தப்பில்ல. பக்கத்துல இருக்கறவளுக்குச் சொல்லிட்டுப் பாயணும்.” இன்றும் என் மாணவிகளுக்கு நான் சொல்வது அதே வாக்கியந்தான்.

நோட்டின் பக்கங்கள் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்த ஆண்டுகளில் பெயர்கள் குறைவு. 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் பக்கம் பக்கமாக நீள்கின்றன. காரணக் கட்டத்தில் ‘திருப்பூர்’, ‘திருப்பூர்’ என்று ஒரே சொல் கீழே கீழே இறங்குகிறது. சார் திருப்பூருக்கே பேருந்து ஏறிப் போய் இரண்டு பையன்களை அழைத்து வந்ததாக அவருடைய மகள் சொல்கிறாள்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்ட செய்தி வந்தபோது, எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு நடந்தது கீற்றுக் கொட்டகையில். அரசு ஆணை எதற்கும் அவர் காத்திருக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, பழைய மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு, அந்தக் கொட்டகையைத் தாமே ஏணி வைத்து ஏறிப் பிரித்தார். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கீற்றெல்லாம் இறங்கி, மூங்கில் மட்டும் நின்றது. அவர் கைகளில் சிலாம்பு ஏறி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை முதல் அந்த வகுப்பு புங்கமரத்தடியில் நடந்தது. மழை பெய்தால் தலைமையாசிரியர் அறையில். கட்டடம் வரும்வரை அவர் தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

2010 நவம்பரில் ஒரு நாள் என் கைப்பேசி ஒலித்தது. சார் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கபடி முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டு, இந்தியப் பெண்கள் தங்கம் வென்றிருந்தார்கள். “இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டியேம்மா, பதில் வந்துடுச்சு. டி.வி.யப் போடு” என்றார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை இந்த ஒலிவாங்கியின் முன்னால் என்னால் சொல்லிக் காட்ட முடியவில்லை.

அவருடைய இறுதி ஊர்வலம் பள்ளி வாசலில் நின்றது. பழைய மாணவர்கள் பாடையை உள்ளே கொண்டுபோய்க் களத்தின் நடுக்கோட்டருகே சற்று நேரம் இறக்கி வைத்தார்கள். யாரும் சொல்லாமலே நாங்கள் ஏழு பெண்கள் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றி நின்றோம். எங்களில் இருவர் பேத்தி எடுத்தவர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், சாரின் மனைவி உள்ளே போய் அந்த நோட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். இரவு விளக்கடியில் பிரித்துப் பார்த்தேன். 1989-ஆம் ஆண்டுப் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே ‘வந்த நாள்’ கட்டத்தில் சிவப்பு மையில் தேதி எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். அநேகப் பெயர்களுக்கு எதிரே அப்படிச் சிவப்புத் தேதி இருக்கிறது. சில கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அப்படி வெறுமையாக இருப்பவற்றில் வரிசைப்படி முதலில் நிற்பது என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெயர். அவள் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்வதாகவும், அவளுடைய மகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். முகவரி வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

வணக்கம்.