வாடகை முன்கூட்டியே தெரிந்த படங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஹாலிவுட் என்றதும் நினைவுக்கு வருகிற பிரம்மாண்டத்தை இன்றைக்கு ஓரமாக வைத்துவிடுவோம். 1940-களிலும் 50-களிலும் அதே ஊரில், பத்து நாளில் ஒரு படத்தை முடித்துவிட்டு மூச்சு விடாமல் அடுத்த படத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் இருந்தது. கோவர் தெருவும் சன்செட் பொலிவார்டும் சந்திக்கிற இடத்தைச் சுற்றி இவர்களில் பலருடைய கம்பெனிகள் இருந்தன. கௌபாய் வேஷத்துக்குத் துணை நடிகர் எடுப்பார்கள் என்று தொப்பியும் பூட்ஸுமாக ஆட்கள் அந்த முனையில் வந்து காத்துக்கிடப்பார்கள். மோனோகிராம், ரிபப்ளிக், பி.ஆர்.சி. போன்ற கம்பெனிகளுக்கெல்லாம் சேர்த்து ‘பாவர்ட்டி ரோ’, அதாவது வறுமைத் தெரு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு.

இவர்கள் ஏன் மலிவாக எடுத்தார்கள்? கையில் காசில்லை என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி தியேட்டர் கணக்கில் இருக்கிறது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கூட்டம் குறைந்ததும் அமெரிக்கத் தியேட்டர்காரர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டத் தொடங்கினார்கள். முதல் படம் பெரிய நட்சத்திரம் நடித்த பெரிய கம்பெனிப் படம், அதற்கு வசூலில் சதவீதம் கொடுக்க வேண்டும். கூடவே ஓடுகிற இரண்டாவது படம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் எழுபது நிமிடம். அதற்குச் சதவீதமெல்லாம் கிடையாது, ஒரே வாடகைதான், நம்மூர் தியேட்டர் வட்டாரத்தில் ஃபிக்சட் ஹயர் என்பார்களே அது. ஹவுஸ்ஃபுல் ஆனாலும் அதே பணம், ஈ ஓட்டினாலும் அதே பணம்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படம் பிரமாதமாக வந்தால் கம்பெனிக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாக வராது. எத்தனை தியேட்டரில் போடுவார்கள், மொத்த வாடகை எவ்வளவு தேறும் என்பது ஷூட்டிங் தொடங்கும் முன்பே ஏறக்குறைய தெரியும். அப்புறம் லாபம் எங்கிருந்து வரும்? செலவிலிருந்துதான் வரவேண்டும். இலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்ட கல்யாண சமையல் காண்ட்ராக்டர் நிலைமைதான், முந்திரிப்பருப்பில் கைவைத்தால்தான் அவருக்கு ஏதாவது மிஞ்சும்.

படப்பிடிப்பில் முந்திரிப்பருப்பு என்பது நேரம். கூலி நாள்கணக்கில் ஓடுகிறது, அதிலும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றி வைப்பதில்தான் நாளின் பெரும்பகுதி போகும். அதனால் ஒரு அறைக்குள் நடக்கிற காட்சியில் கிழக்குச் சுவரைப் பார்த்த ஷாட்டுகள் அத்தனையையும் முதலில் எடுத்துவிடுவார்கள், கதையில் அது எங்கே வந்தாலும் சரி, அப்புறம்தான் விளக்கைத் திருப்பி மேற்குச் சுவர். நடிகர் அழுது முடித்த காட்சியை எடுத்துவிட்டு, அழுவதற்குக் காரணமான காட்சியை மத்தியானம் எடுப்பார்கள். ரயில் கவிழ்வதும் மாட்டுமந்தை ஓடுவதும் பழைய படத்துத் துண்டுகள். வசனத்தில் சின்னத் தடுமாற்றம் வந்தாலும் டேக் ஓகே.

எட்கர் உல்மர் என்று ஒரு இயக்குநர், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, வியன்னாவிலும் பெர்லினிலும் வேலை பார்த்துவிட்டு ஹாலிவுட் வந்தவர். 1934-இல் யுனிவர்சலில் நல்ல வெற்றிப்படம் கொடுத்தார். ஆனால் முதலாளி குடும்பத்து மருமகளோடு காதல், பிறகு அவரையே கல்யாணம். பெரிய கம்பெனிகளின் கதவு சாத்தப்பட்டது. கடைசியில் பி.ஆர்.சி.யில் வந்து சேர்ந்தார். அங்கே 1945-இல் எடுத்த ‘டீடூர்’ 68 நிமிடப் படம். நியூயார்க் தெரு வேண்டும், செட் போடப் பணமில்லை, பனிமூட்டத்தைப் போட்டு மூடிவிட்டு ஒரு தெருவிளக்கை மட்டும் விட்டார். கதாநாயகன் கிழக்கிலிருந்து மேற்கே லிஃப்ட் கேட்டுப் போகிறான், அதற்காகத் திரையில் வலமிருந்து இடமாகப் போகவேண்டும் என்று சில ஷாட்டுகளின் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். விளைவு, அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் வலது பக்கம் வந்துவிட்டது, கார்கள் சாலையின் இடது பக்கமாக ஓடுகின்றன. அமெரிக்க ரசிகர்கள் இந்தத் தவறை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நமக்கு அதில் ஒன்றும் உறுத்தாது, நம்ம ரோட்டில் வண்டி அப்படித்தானே போகிறது!

இந்தப் படத்தை ஆறே நாளில் எடுத்தேன் என்று உல்மர் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதைவிடக் கூடுதல் நாள் ஆகியிருக்கிறது என்கிறார்கள். சிக்கனத்திலும் பீற்றிக்கொள்வதற்கு இடம் இருக்கிறது, அது சினிமாக்காரர்கள் சமாச்சாரம், விட்டுவிடுவோம். 1992-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் ‘டீடூர்’ சேர்ந்தது.

இனி 1948-க்கு வருவோம். பெரிய ஸ்டுடியோக்கள் தியேட்டர்களையும் தாங்களே வைத்துக்கொண்டு ஆதிக்கம் செய்வது சரியல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்பளித்தது. அவர்கள் தியேட்டர்களை விற்க வேண்டி வந்தது. இந்தப் பெரிய படம் வேண்டுமானால் கூடவே இந்த நாலு சின்னப் படத்தையும் எடுத்துக்கொள் என்று தலையில் கட்டுகிற வழக்கமும் முடிந்தது. அடுத்தபடியாகத் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. ஒரு மணி நேரக் கௌபாய் கதை கூடத்திலேயே ஓடும்போது அதற்காக யார் தியேட்டருக்குப் போவார்கள்? நிச்சயமான வாடகை கரைந்துபோனது. இனிமேல் மலிவாக எடுத்தால் மட்டும் போதாது, பெரிய கம்பெனியிடம் இல்லாத ஏதோ ஒன்று படத்தில் இருக்க வேண்டும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ராபர்ட் லிப்பர்ட். என் கணக்கில் இந்தக் கதையின் உண்மையான நாயகன் இவர்தான், ஆனால் இயக்குநர்களைக் கொண்டாடுகிற புத்தகங்களில் இவருக்கு நாலு வரிதான் கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் ஆலமீடாவில் பிறந்த தியேட்டர் முதலாளி. பெரிய கம்பெனிகள் கேட்ட வாடகை கட்டுப்படியாகாமல், நாமே எடுத்தால் என்ன என்று 1940-களின் நடுவில் தயாரிப்பில் இறங்கியவர். டிக்கெட் கவுண்டர் பக்கத்திலிருந்து சினிமாவைப் பார்த்த மனுஷன்.

1950-இல் ஜார்ஜ் பால் என்கிற தயாரிப்பாளர் நிலவுப் பயணத்தைப் பற்றி ‘டெஸ்டினேஷன் மூன்’ என்று ஒரு வண்ணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். செலவு ஐந்து லட்சம் டாலருக்கு மேல். பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. லிப்பர்ட் பார்த்தார். விளம்பரம் வேறொருவர் செலவில் நடக்கிறது, ராக்கெட் படம் பார்க்க ஜனம் தயாராக இருக்கிறது. கர்ட் நியூமனை இயக்குநராகப் போட்டு, சுமார் 94 ஆயிரம் டாலரில், 18 நாளில் ‘ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்’ தயார். நிலவுக்கே போனால் வம்பு வரும் என்று ராக்கெட்டை வழிதவறவைத்துச் செவ்வாயில் இறக்கினார்கள். செவ்வாய் என்பது கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனம், மேலே செந்நிறச் சாயம். ஒளிப்பதிவு செய்தவர் கார்ல் ஸ்ட்ரஸ், ஒளிப்பதிவுக்கான முதல் ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்ட அதே ஆள்! படம் ஜார்ஜ் பாலுடையதைவிடச் சில வாரம் முந்தி வெளியாகிவிட்டது. பெரிய கம்பெனி ஒரு வருஷம் எடுத்துக்கொள்வதை இவர்கள் சில மாதத்தில் முடிப்பார்கள். பணம் மிச்சம் பிடிப்பதற்காகக் கற்ற வேகம் இப்படித்தான் விற்கிற சரக்காக மாறியது.

அதே வேகத்தின் இன்னொரு பலன்தான் ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’. கொரியப் போர் 1950 ஜூனில் தொடங்குகிறது, 1951 ஜனவரியில் கொரியப் போர்ப் படம் தியேட்டரில் ஓடுகிறது. சாமுவேல் ஃபுல்லர், முன்னாள் குற்றச் செய்தி நிருபர், இரண்டாம் உலகப் போரில் காலாட்படை வீரர். அவருக்கு முதல் இயக்குநர் வாய்ப்பு கொடுத்ததும் லிப்பர்ட்தான். பத்து நாள் ஷூட்டிங், லட்சம் டாலரை ஒட்டிய செலவு. கொரியா என்று நாம் பார்ப்பது லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பூங்கா. டாங்கி ப்ளைவுட். படைவீரர்கள் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள்.

ஆனால் அந்தப் ப்ளைவுட் டாங்கியைப் பார்த்துச் சிரிக்க முடியாது, காரணம் வசனம். பிடிபட்ட வட கொரிய அதிகாரி, கறுப்பின மருத்துவ வீரனிடம் பஸ்ஸில் உன்னைப் பின்னால்தானே உட்கார வைக்கிறார்கள் என்று கேட்கிறான். ஜப்பானிய வம்சாவளிச் சிப்பாயிடம், உங்கள் ஆட்களைப் போர்க்காலத்தில் முகாமில் அடைத்தார்களே என்று குத்துகிறான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அடைத்துவைத்த விஷயம் அது, ஹாலிவுட் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்த நேரம். ஆயுதமில்லாத கைதியை அமெரிக்க சார்ஜென்ட் சுடுகிற காட்சியும் உண்டு. ராணுவத்துக்குக் கோபம் வந்தது. இதே கதையைப் பெரிய ஸ்டுடியோவில் கொடுத்திருந்தால் ஐந்தாறு மேசை கடந்து வரும்போது இந்த வசனங்கள் மிஞ்சியிருக்குமா, எனக்கு நம்பிக்கையில்லை. லிப்பர்ட் பெரிய புரட்சிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். படம் சொன்ன தேதிக்கு, சொன்ன செலவில் வந்ததா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இந்த லிப்பர்ட் சேலத்தோடும் கைகோத்தார் என்பது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு லொகேஷன் காட்டினால் போஸ்டர் களைகட்டும், ஆனால் ஆப்பிரிக்காவுக்கு யூனிட்டைக் கூட்டிப்போனால் கட்டுப்படியாகாது. அதனால் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் டி.ஆர். சுந்தரத்தோடு கூட்டுச் சேர்ந்தார். ஸ்டுடியோ, ஆட்கள், யானைகள், காடு எல்லாம் இங்கே தயார், சுந்தரமும் கால அட்டவணை பிசகாத முதலாளி. 1952-இல் ‘தி ஜங்கிள்’ வந்தது, தமிழில் ‘காடு’. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, இந்திய இளவரசியாக மேரி விண்ட்சர், கூட நம்ம எம்.என். நம்பியார். கதையில் மாமத் என்கிற, உடம்பெல்லாம் முடி அடர்ந்த ஆதிகாலத்து யானைகள் வருகின்றன. நம்மூர் யானைக்கே முடி ஒட்டி நடக்கவிட்டிருக்கிறார்கள், அந்த யானைகள் அந்த வெயிலில் என்ன பாடுபட்டனவோ. உண்மையைச் சொன்னால் படம் சுமார்தான், மாமத்துகளைக் கடைசி வரை காத்திருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் மலிவுப் படங்களின் கணக்கு ஹாலிவுட்டிலிருந்து எவ்வளவு தூரம் கப்பலேறி வந்தது என்பதற்காகவாவது பார்க்கலாம்.

லிப்பர்ட் பக்கம் இருட்டும் உண்டு. நடிகர்களுக்குப் பங்கு தராமல் தன் படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றதால் நடிகர் சங்கத்தோடு பெரிய சண்டை. அப்புறம் 1956-இல் ஃபாக்ஸ் கம்பெனிக்காக ரீகல் பிலிம்ஸ் என்று தொடங்கி, படத்துக்கு லட்சம் டாலர், ஏழு நாள் என்ற ஒப்பந்தத்தில் எடுத்துத் தள்ளினார்கள், பெரும்பாலும் அவர் பெயர் டைட்டிலில் வராது. ஃபாக்ஸின் அகலத்திரை லென்ஸையே பயன்படுத்தினார்கள், ஆனால் சினிமாஸ்கோப் என்ற பெயரை இந்தக் கறுப்பு வெள்ளை மலிவுப் படங்களுக்குத் தர ஃபாக்ஸுக்கு மனம் வரவில்லை, ‘ரீகல்ஸ்கோப்’ என்று போட்டார்கள். லிப்பர்ட் 1976-இல் காலமானார்.

இவற்றில் ஒன்றிரண்டு பார்க்கலாம் என்று தோன்றினால் ‘டீடூர்’ முதலில், அதன் காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், நல்ல பிரதியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’. ‘காடு’ மூன்றாவதாக இருக்கட்டும். நன்றி, வணக்கம்.